ஸ்க்ரீன் தூங்கட்டும், மெஷின் முழிச்சிருக்கட்டும்: கியோஸ்க் பவர் செட்டிங் கேள்வி பதில்

இந்த முறை நிறைய பேர் கேட்டிருந்தது கியோஸ்க் மெஷின்களோட கரண்டு செலவு பத்திதான். ரிசப்ஷன்ல நிக்கிற செக்-இன் டேப்லெட், டோக்கன் குடுக்கிற மெஷின், பில் கட்டுற டச் ஸ்க்ரீன் எல்லாமே இதுல அடங்கும். ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒண்ணா சேர்த்துட்டேன்.

கேள்வி: எங்க ஆபீஸ்ல பத்து டச் ஸ்க்ரீன் கியோஸ்க் இருக்கு, எல்லாம் விண்டோஸ். ராத்திரி பகல்னு இல்லாம ஓடிட்டே இருக்கு. கரண்டு பில்லை பாத்துட்டு மேனேஜர் எல்லாத்தையும் ஸ்லீப்ல போடச் சொல்றாரு. போட்டா காலைல ரெண்டு மூணு மெஷின் எழுந்திரிக்கவே மாட்டேங்குது, பவர் பட்டன் வேற பெட்டிக்குள்ள பூட்டியிருக்கு. என்ன பண்றது?

பதில்: மேனேஜர் கேக்குறது நியாயம்தாங்க, ஆனா அதுக்கு ஸ்லீப் தேவையில்ல. கியோஸ்க்கை ஒரே மெஷினா பாக்காதீங்க, உள்ள டிஸ்ப்ளே தனி, கம்ப்யூட்டர் தனி, பிரிண்டரும் கார்டு ரீடரும் தனி. இதுல கரண்டை அதிகமா இழுக்கிறது பெரும்பாலும் டிஸ்ப்ளேதான், அதுவும் படத்துக்கு பின்னாடி எரியுற லைட்டான பேக்லைட். உள்ள இருக்கிற மினி பிசி சும்மா நிக்கும்போது ரொம்ப கம்மியாத்தான் எடுக்கும்.

ஒரு கணக்கு போட்டு பாத்துடுவோம். டிஸ்ப்ளே 60 வாட்ஸ், பிசி சும்மா இருக்கும்போது 15 வாட்ஸ்னு வச்சுக்குங்க. ஆபீஸ் 10 மணி நேரம் திறந்திருக்கு, மிச்சம் 14 மணி நேரம் யாரும் இல்ல. அந்த 14 மணி நேரம் டிஸ்ப்ளேவை மட்டும் அணைச்சா ஒரு கியோஸ்க்குக்கு ஒரு நாளைக்கு 0.84 யூனிட் மிச்சம், பத்து கியோஸ்க்குக்கு 30 நாள்ல 252 யூனிட். அதே நேரம் பிசியையும் தூங்க வச்சா கூடுதலா கிடைக்கிறது வெறும் 63 யூனிட். டிஸ்ப்ளே ஸ்டாண்ட்பைல இழுக்கிற கொஞ்சத்தை இதுல சேர்க்கல. ஆக இந்த 63 யூனிட்டுக்காகத்தான் காலைல ஆள் அனுப்பி பெட்டியை திறக்கிறீங்க, வர்றவங்க செத்துக் கிடக்கிற ஸ்க்ரீன் முன்னாடி நிக்கிறாங்க. எனக்கு இது சரியா படலைங்க.

அதனால பவர் செட்டிங்ல ஸ்க்ரீன் ஆஃப் டைம் 10 நிமிஷம், ஸ்லீப் நெவர்னு வைங்க. ரெண்டும் தனித்தனி வரிதான், பல பேர் ஒண்ணுன்னு நினைச்சுடறாங்க. ப்ளக்ட் இன் பக்கத்துல இருக்கிற டைமை மாத்துங்க, பேட்டரி பக்கத்தை மாத்திட்டு மாறலையேன்னு உக்காந்திருக்காதீங்க. முக்கியமா, மாத்தின கையோட ஸ்க்ரீன் அணையுற வரைக்கும் அங்கேயே நின்னு, அணைஞ்சதும் விரலால தொட்டு பாருங்க. சில மானிட்டர்ல டிஸ்ப்ளே ஸ்டாண்ட்பைக்கு போனதும் டச்சும் சேர்ந்தே போயிடும், அப்ப தொட்டு எழுப்ப முடியாது. அந்த மாதிரி மாடலா இருந்தா 10 நிமிஷ டைம்அவுட் வேணாம், ஆபீஸ் மூடுற நேரத்துக்கு ஆஃப், திறக்கிறதுக்கு கால் மணி நேரம் முன்னாடி ஆன்னு டிஸ்ப்ளேவோட மெனுவிலேயே ஷெட்யூல் இருக்கான்னு பாருங்க. கமர்ஷியல் டிஸ்ப்ளேல பெரும்பாலும் இருக்கும்.

நான் போட்ட 60, 15 எல்லாம் உதாரணம்தான். ப்ளக்குல சொருகி வாட்ஸ் காட்டுற சின்ன மீட்டர் கிடைக்குது, ஒண்ணு வாங்கி உங்க மெஷினை முன்னாடியும் பின்னாடியும் அளந்து மேனேஜர்கிட்ட காட்டுங்க, பேச்சு அங்கேயே முடிஞ்சுடும்.

கேள்வி: ஸ்லீப் எல்லாம் ஆஃப்ல தான் இருக்கு, ஆனாலும் கொஞ்ச நேரம் யாரும் தொடலைன்னா கார்டு ரீடர் காணாம போயிடுது. கேபிளை பிடுங்கி சொருகினா வருது. ரீடர் கம்பெனியில கேட்டா அவங்க பக்கம் எந்த கோளாறும் இல்லைங்கிறாங்க.

பதில்: அவங்க சொல்றது உண்மையா இருக்க வாய்ப்பு அதிகம். மெஷின் தூங்கலைன்னாலும் யுஎஸ்பி போர்ட்டு தூங்கும். விண்டோஸ்ல யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்னு ஒண்ணு இருக்கு, உபயோகம் இல்லாத யுஎஸ்பி டிவைஸை மட்டும் தனியா தூங்க வைக்கும். லேப்டாப்புக்கு நல்ல விஷயம். கியோஸ்க்ல கார்டு ரீடர், பார்கோடு ஸ்கேனர், பிரிண்டர், சில நேரம் டச் கன்ட்ரோலர் கூட யுஎஸ்பிலதான் தொங்கிட்டிருக்கும், அதுல சிலது தூங்கினா ஒழுங்கா திரும்பி வராது.

ரெண்டு இடத்துல மாத்தணும். பவர் பிளானோட அட்வான்ஸ்டு செட்டிங்ல செலக்டிவ் சஸ்பெண்டை டிஸேபிள் பண்ணுங்க. அப்புறம் டிவைஸ் மேனேஜர்ல போய் ஒவ்வொரு யுஎஸ்பி ஹப்போட ப்ராப்பர்ட்டீஸ்லயும் பவர் மேனேஜ்மென்ட் டேப்ல, பவரை மிச்சம் பண்ண இந்த டிவைஸை அணைக்கலாம்னு அர்த்தம் வர்ற டிக் ஒண்ணு இருக்கும், அதை எடுத்துடுங்க. நெட்வொர்க் அடாப்டருக்கும் அதே டிக் இருக்கும், அதையும் எடுங்க. இதனால கூடுற கரண்டு கண்ணுக்கே தெரியாது.

இன்னொண்ணு, இது கார்டு பேமென்ட் டெர்மினல் வச்சிருக்கிற எல்லாருக்கும். பேமென்ட் டெர்மினலுக்கான பாதுகாப்பு விதிப்படி அந்த மெஷின் 24 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது தானா ரீஸ்டார்ட் ஆகணும். அது கோளாறு இல்ல. நீங்க கரண்டு மிச்சம்னு ராத்திரி அதோட சப்ளையை கட் பண்ணிட்டா, அது தனக்கு குறிச்சு வச்ச ராத்திரி நேரத்தை தவற விட்டுட்டு பகல்ல க்யூ நிக்கும்போது ரீஸ்டார்ட் ஆக வாய்ப்பிருக்கு. டெர்மினலுக்கு சப்ளை விடாம இருக்கட்டும், ரீஸ்டார்ட் நேரத்தை விடிகாலைக்கு வச்சுடுங்க.

கேள்வி: டைமர் ப்ளக் வாங்கி மாட்டி ராத்திரி மொத்தமா கரண்டை கட் பண்ணிட்டா வேலை முடிஞ்சுடுமே, ஏன் இவ்ளோ செட்டிங்?

பதில்: டிஸ்ப்ளேவுக்கு மட்டும்னா பரவாயில்ல, கரண்டு வந்ததும் தானா ஆன் ஆகுற மாடலான்னு மட்டும் பாத்துக்குங்க. கம்ப்யூட்டருக்கு வேண்டவே வேண்டாம். டிஸ்க்ல எழுதிட்டிருக்கும்போது சப்ளை போனா ஃபைல் கெட்டுப்போகும், மெமரி கார்டுல ஓடுற சின்ன போர்டு கம்ப்யூட்டரா இருந்தா இன்னும் சீக்கிரம் கெடும். கட்டாயம் அணைச்சே ஆகணும்னா, டாஸ்க் ஷெட்யூலர்ல ஒழுங்கா ஷட்டவுன் ஆகிற மாதிரி போட்டு, காலைல பயாஸ்ல, அதாவது விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற மெஷினோட அடிப்படை செட்டிங்ல, இருக்கிற அலாரம் மூலமா தானா ஆன் ஆகுற மாதிரி வைங்க.

கேள்வி: ஆண்ட்ராய்டு டேப்லெட், எப்பவும் சார்ஜர்ல தான் இருக்கு, சார்ஜிங்னு காட்டவும் செய்யுது. ஆனா சாயங்காலம் ஆனா 20 சதவீதம்தான் இருக்கு, சில நாள் அணைஞ்சே போயிடுது. பேட்டரி போச்சா?

பதில்: பேட்டரியை குறை சொல்றதுக்கு முன்னாடி அந்த கேபிள் எங்க போய் முடியுதுன்னு பாருங்க. கம்ப்யூட்டரோட சாதாரண யுஎஸ்பி 2.0 போர்ட்ல சொருகியிருந்தா அது குடுக்க கடமைப்பட்டது 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட்ஸ்தான். முழு பிரைட்னஸ்ல பத்து இன்ச் டேப்லெட் அதை விட அதிகமா செலவு பண்ணும். உள்ள வர்றதை விட வெளிய போறது அதிகம், சார்ஜிங்னு பொய் சொல்லலை, வந்துட்டுதான் இருக்கு, பத்தலை. ஒழுங்கான அடாப்டர்லயே மாட்டியிருந்தா கேபிளை பாருங்க. ஸ்டாண்டுக்குள்ள வளைச்சு விடணும்னு மூணு மீட்டர் மெல்லிசு கேபிள் போட்டிருப்பாங்க, அதுலயே வோல்டேஜ் விழுந்துடும். தடியா, தேவையான நீளத்துக்கு மட்டும் கேபிள் போடுங்க, டேப்லெட்டோட வந்த அடாப்டர் வாட்டேஜையே குடுங்க.

நெட்வொர்க் கேபிள் வழியா பவர் குடுக்கிற பிஓஇ வச்சிருந்தா அங்கேயும் இதே கணக்குதான். 802.3ஏஎஃப் தரம்னா ஸ்விட்ச் போர்ட்ல 15.4 வாட்ஸ், 802.3ஏடின்னா 30 வாட்ஸ். டேப்லெட்டுக்கு முதல் வகையே போதும், பெரிய ஸ்க்ரீனுக்கு பத்தாது.

கூடவே ஒரு அறிகுறி சொல்றேன், மெயின்டனன்ஸ் பாக்குறவங்களுக்கு உபயோகமா இருக்கும். ஆண்ட்ராய்டு 6.0ல, 2015ல, டோஸ்னு ஒரு மோட் வந்துச்சு. டேப்லெட் ஆடாம அசையாம இருந்து, ஸ்க்ரீன் அணைஞ்சிருந்து, சார்ஜர்ல இல்லாம இருந்தா ஆப்போட நெட்வொர்க்கை எல்லாம் கட்டிப்போட்டுடும். சார்ஜர்ல இருந்தா டோஸ் வரவே வராது. அதனால ப்ளக்லயே இருக்கிற கியோஸ்க் ராத்திரி ஆஃப்லைன் ஆகி சர்வர்ல கோடு கோடா இடைவெளி தெரியுதுன்னா, ஆப்பை நோண்டுறதுக்கு முன்னாடி சார்ஜ் நிஜமாவே ஏறுதான்னு பாருங்க. ராத்திரி யாரோ சுவர் ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு போறாங்கங்கிற விஷயம் கூட இதுல வெளிய வரும்.

கேள்வி: எங்க டேப்லெட் ஒண்ணோட பின்பக்கம் லேசா உப்பி, ஸ்க்ரீன் ஓரம் தூக்கியிருக்கு. வேலை செய்யுது. அப்படியே விடலாமா?

பதில்: விடக்கூடாதுங்க, இன்னைக்கே கழட்டுங்க. அது பேட்டரி வீங்கினது. சார்ஜரை எடுத்துடுங்க, ஸ்க்ரீனை அமுக்கி உள்ள தள்ள பாக்காதீங்க, குத்தாதீங்க, குப்பைத்தொட்டில போடாதீங்க. எரியுற சாமான் இல்லாத இடத்துல தனியா வச்சு, பேட்டரி ரீசைக்கிள் எடுத்துக்கிற இடத்துல குடுங்க.

மத்த டேப்லெட்டுக்கு அப்படி ஆகாம இருக்க: லித்தியம் அயன் பேட்டரிக்கு எப்பவும் 100 சதவீதத்துல நிக்கிறதும் சூடும் சேர்ந்தா ஆகாது, கியோஸ்க் ஸ்டாண்டுக்குள்ள இது ரெண்டும் நாள் முழுக்க நடக்குது. சார்ஜை 80 இல்ல 85 சதவீதத்துல நிறுத்துற செட்டிங் பல டேப்லெட்ல இருக்கு, சாம்சங்ல ப்ரொடெக்ட் பேட்டரி இல்ல பேட்டரி ப்ரொடெக்ஷன்னு தேடுங்க, புது ஐபேட் மாடல்கள்ல 80 சதவீத லிமிட் இருக்கு. அது இருந்தா வேற எதையும் யோசிக்காம ஆன் பண்ணுங்க. பிரைட்னஸை கொஞ்சம் குறைச்சாலே சூடும் குறையும். ஸ்டாண்டு பின்னாடி காத்து போற ஓட்டையை ஸ்டிக்கர் ஒட்டி அடைச்சிருக்காங்களான்னும் பாருங்க. மாசத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு டேப்லெட்டையும் பக்கவாட்டுல இருந்து பாக்குறதை ஒரு வேலையாவே வச்சுக்குங்க, வீக்கம் ஓரத்துலதான் முதல்ல தெரியும். ஆளுங்க கை வைக்கிற மெஷின், இதுல அசால்ட்டா இருக்காதீங்க.

கேள்வி: ஐபேட்ல ஆட்டோ-லாக் நெவர்னு வச்சேன், ஆனா அரை நிமிஷத்துல லாக் ஆகுது.

பதில்: லோ பவர் மோட் ஆன்ல இருக்கும். அது ஆன்ல இருந்தா ஆட்டோ-லாக் 30 செகண்டுக்கு போயிடும். ஆஃப் பண்ணுங்க. ஐபேடை ஒரே ஆப்ல பூட்டி வைக்கிற கைடட் ஆக்சஸ் போட்டிருந்தா அதுக்குள்ள டிஸ்ப்ளே ஆட்டோ-லாக்னு தனியா ஒண்ணு இருக்கு, அதையும் பாத்துக்குங்க.

கேள்வி: கரண்டு போய் வந்தா கியோஸ்க் தானா ஆன் ஆக மாட்டேங்குது. யுபிஎஸ் மாட்டினேன், அதுக்கப்புறமும் சில நாள் அப்படியே கிடக்குது.

பதில்: யுபிஎஸ் மாட்டினதுக்கப்புறம் வர்றது கொஞ்சம் வேற மாதிரி பிரச்சினை, பொறுமையா படிங்க.

முதல்ல பயாஸ்ல போய் கரண்டு போய் வந்தா என்ன பண்ணணும்னு கேக்குற செட்டிங்கை தேடுங்க. ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ், இல்ல ஆஃப்டர் பவர் ஃபெயிலியர்னு இருக்கும். மூணு ஆப்ஷன் வரும்: ஆஃப்லயே இரு, பழைய நிலைக்கு போ, ஆன் ஆகு. பழைய நிலைங்கிறது கேக்க நல்லா இருக்கும், ஆனா யுபிஎஸ் இருக்கிற இடத்துல அதுதான் மாட்டி விடும். பேட்டரி தீரப் போறப்ப யுபிஎஸ் சொல்லி விண்டோஸ் ஒழுங்கா ஷட்டவுன் ஆகுது, அப்ப பழைய நிலை ஆஃப், கரண்டு வந்தாலும் ஆஃப்லயே நிக்கும். அதனால எப்பவும் ஆன் ஆகுங்கிறதை எடுங்க.

இதையும் தாண்டி ஒரு இடம் இருக்கு. விண்டோஸ் ஷட்டவுன் ஆயிடுச்சு, ஆனா யுபிஎஸ் பேட்டரி முழுசா தீரலை, அதுக்குள்ள கரண்டு வந்துடுச்சு. பிசியை பொறுத்தவரை அதுக்கு சப்ளை போகவே இல்ல, அப்புறம் எதை பாத்து ஆன் ஆகும்? உங்க சில நாள் கதை இதுவாத்தான் இருக்கும்னு தோணுது. யுபிஎஸ் சாஃப்ட்வேர்ல ஷட்டவுன் ஆனதும் அவுட்புட்டையும் அணைச்சுட்டு, கரண்டு வந்ததும் திரும்ப குடுக்குற ஆப்ஷன் இருந்தா அதை போடுங்க. அது இல்லைன்னா தினமும் காலைல பயாஸ் அலாரம் வச்சா குறைஞ்சது ஆபீஸ் திறக்கும்போதாவது எழுந்துடும்.

எல்லாம் சரியாகி ஆன் ஆன பிறகும் ஸ்க்ரீன்ல நெட் இல்லைன்னு எரர் பேஜ் நிக்கலாம். ரவுட்டர் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி கியோஸ்க் எழுந்துடுச்சுன்னு அர்த்தம். பேஜை கொஞ்ச கொஞ்ச நேரத்துல தானா ரீலோட் பண்ணச் சொல்லுங்க. விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை ஆஃப் பண்ணிடுங்க, அது ஆன்ல இருந்தா ஷட்டவுன் பண்றது முழு ஷட்டவுன் இல்ல, பழைய டிரைவர் நிலைமையை அப்படியே தூக்கிட்டு வரும். ரீஸ்டார்ட் பண்ணாத்தான் முழுசா புதுசா ஏறும்.

கேள்வி: பேக்ரவுண்டை கறுப்பா மாத்தினா கரண்டு மிச்சம் ஆகுமாமே?

பதில்: ஓலெட் ஸ்க்ரீன்ல ஆகும், அதுல கறுப்பு இருக்கிற இடம் எரியவே எரியாது. கியோஸ்க்ல பெரும்பாலும் எல்சிடி, அதுல கறுப்பு படத்துக்கு பின்னாடியும் பேக்லைட் எரிஞ்சுட்டேதான் இருக்கும். கறுப்பு ஸ்க்ரீன்சேவர் போட்டுட்டு மிச்சம் பண்ணிட்டோம்னு இருக்கிறவங்க நிறைய பேர், ஜன்னலை திரை போட்டு மூடிட்டு உள்ள லைட்டை எரிய விட்ட மாதிரிதான் அது. எல்சிடியா இருந்தா பிரைட்னஸை குறைங்க. வெளிச்சம் பாத்து தானா மாத்துற சென்சார் இருந்தா அதை ஆன் பண்ணுங்க, ஆனா சென்சார் மேல கியோஸ்க் ஃபிரேம் மூடியிருந்தா எப்பவும் இருட்டுன்னு நினைச்சுக்கும், படிக்கவே முடியாம போயிடும்.

கேள்வி: பவர் மிச்சம் பண்ண ஸ்க்ரீன் டைம்அவுட்டை ஒரு நிமிஷமா வச்சோம். இப்ப வயசானவங்க ஃபார்ம் படிச்சிட்டிருக்கும்போதே மங்கி, எல்லாம் அழிஞ்சு முதல் பக்கத்துக்கு போயிடுதுன்னு புகார். எவ்ளோ வைக்கலாம்?

பதில்: இந்த கேள்வியை அனுப்பினதுக்கு நன்றிங்க, இதை யாரும் கேக்குறதில்ல. கண்ணு சரியா தெரியாதவங்க, கை நடுங்குறவங்க, அந்த மொழியில தடவித் தடவி படிக்கிறவங்க, அவங்களை பாதி ஃபார்ம்ல துரத்தி விட்டு மிச்சம் பண்ற கரண்டு எவ்ளோன்னு கணக்கு போட்டு பாருங்க. 60 வாட்ஸ் டிஸ்ப்ளே ரெண்டு நிமிஷம் கூடுதலா எரிஞ்சா 2 வாட் அவர். ஐநூறு தடவை அப்படி எரிஞ்சாத்தான் ஒரு யூனிட்.

ரெண்டு டைமரை பிரிங்க. ஸ்க்ரீன் அணையுற டைம்அவுட் வேற, ஆப் முதல் பக்கத்துக்கு திரும்புற டைம்அவுட் வேற. ஃபார்ம் திறந்திருக்கிற வரைக்கும் ஸ்க்ரீன் மங்கவே கூடாது, முதல் பக்கத்துல சும்மா நிக்கும்போதுதான் அணையணும். ஆப் திரும்புறதுக்கு முன்னாடி, இன்னும் நேரம் வேணுமான்னு பெரிசா ஒரு பட்டன் காட்டணும். இணைய அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜில இதுக்கு அளவே இருக்கு: முன்னாடியே எச்சரிச்சு, நீட்டிக்க குறைஞ்சது 20 செகண்டு குடுக்கணும், ஒரே தட்டுல நீட்டிக்க முடியணும், பத்து தடவையாவது நீட்டிக்க விடணும். அதே நேரம் எழுந்து போனவங்களோட விவரம் அடுத்து வர்றவங்களுக்கு தெரியக்கூடாது, அதனால நெவர்னும் வைக்காதீங்க. ஒரு வயசானவரை உக்கார வச்சு ஃபார்மை முடிக்கச் சொல்லி அவர் எடுத்துக்கிற நேரத்தை பாத்து டைமை வைங்க, உங்க டெவலப்பர் எடுத்துக்கிற நேரத்தை வச்சு இல்ல.

கேள்வி: நாப்பது ஆண்ட்ராய்டு கியோஸ்க், எல்லா டேப்லெட்டையும் ஒரே இடத்துல இருந்து நிர்வகிக்கிற எம்டிஎம் சாஃப்ட்வேர் வழியா பாக்குறோம். சார்ஜர்ல இருக்கும்போது ஸ்க்ரீன் ஆன்லயே இருக்கணும்னு பாலிசி தள்ளினா சிலதுல ஏற மாட்டேங்குது.

பதில்: அதே பாலிசில செக்யூரிட்டி பக்கத்துல, அதிகபட்சம் இத்தனை நிமிஷத்துல லாக் ஆகணும்னு யாராவது போட்டிருக்காங்களான்னு பாருங்க. அது இருந்தா ஆண்ட்ராய்டு ஸ்டே-ஆன் செட்டிங்கை ஏத்துக்காது, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிர். கியோஸ்க் குரூப்புக்கு மட்டும் லாக் டைமை எடுத்துடுங்க. ஸ்டே-ஆன்ல ஏசி சார்ஜர், யுஎஸ்பி, வயர்லெஸ்னு தனித்தனியா டிக் இருக்கும், மூணையும் போடுங்க, கம்ப்யூட்டர் போர்ட்ல இருந்து சார்ஜ் ஏறுற டேப்லெட்டை ஆண்ட்ராய்டு யுஎஸ்பின்னுதான் எடுத்துக்கும். எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல தள்ளாம, ஒரே இடத்துல இருக்கிற ரெண்டு மூணு டேப்லெட்ல முதல்ல விட்டு ஒரு ராத்திரி பாத்துட்டு அப்புறம் தள்ளுங்க.

கேள்வி: விண்டோஸ் கியோஸ்க், ஸ்க்ரீன் 10 நிமிஷத்துல அணையணும்னு வச்சிருக்கேன், செட்டிங்கும் அப்படியே இருக்கு, ஆனா ராத்திரி பூரா எரியுது.

பதில்: யாரும் தொடாதப்ப விளம்பர வீடியோ ஏதாவது ஓடுதா? ஓடுனா அதுதான். பிரவுசர்ல வீடியோ ஓடிட்டிருந்தா ஸ்க்ரீனை அணைக்காதேன்னு அது விண்டோஸ்கிட்ட கேட்டு வாங்கி வச்சிருக்கும். சந்தேகமா இருந்தா கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினா திறந்து பவர்சிஎஃப்ஜி கமாண்டை ரிக்வெஸ்ட்ஸ் ஆப்ஷனோட ஓட்டுங்க, டிஸ்ப்ளேங்கிற தலைப்புக்கு கீழ எந்த ப்ரோக்ராம் பிடிச்சு வச்சிருக்குன்னு பேரோட வரும். ராத்திரி நேரம் ஆனதும் வீடியோவை நிறுத்திட்டு ஒரு படத்தை மட்டும் காட்டுற மாதிரி ஆப்ல மாத்தச் சொல்லுங்க, அப்புறம் பத்தாவது நிமிஷம் தானா அணையும். பேஜ்ல வேக் லாக், அதாவது ஸ்க்ரீனை அணைய விடாம பிடிச்சு வைக்கிற கோடு, போட்டு எழுதியிருந்தா அதையும் அந்த நேரத்துல விடச் சொல்லணும், இல்லைன்னா படம் மட்டும் விடிய விடிய எரியும்.